மீதி எட்டு நிமிடம்

எங்கள் சமரசக் கூடத்தின் ஆண்டு மலரில் தொண்டர் ஒருவரைப் பற்றி ஒரு கட்டுரை போடுவது வழக்கம். இந்த வருடம் மணியம்மாவைப் பற்றி. "அக்கா, உங்களுக்குத்தான் அவங்களை நல்லாத் தெரியும், நீங்களே எழுதிடுங்க" என்றார்கள். தெரியும்தான். இரண்டு வருடமாக அவளைப் பார்த்துப் பார்த்து வயிறெரிந்தவள் நான். பிரியமாகப் பார்க்கிறவர்கள் பாதியைக் கவனிக்காமல் விட்டுவிடுவார்கள். எரிச்சலோடு பார்க்கிறவளுக்கு ஒன்றும் தப்பாது. என்னைவிட ஒன்பது வயது மூத்தவளை, கூட வழக்கப்படி என்னை 'அக்கா' என்று கூப்பிடுகிறவளை, 'அவள்' என்று எழுதுகிறேனே என்று நினைக்க வேண்டாம். பொறாமைக்கு மரியாதை வராது. மலர்க்காரர்கள் வேண்டுமானால் 'அவர்' என்று திருத்திக்கொள்ளட்டும்.

கூடம் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. நீதிமன்றத்துக்குப் பின்னால், டயர்க் கடைக்கு மேல், மாடியில் இரண்டு அறை. கைகலப்பு, சின்னத் திருட்டு, விபத்து என்று சில வழக்குகளை நீதிபதி எங்களுக்கு அனுப்புவார். தப்பு செய்தவரையும் பாதிக்கப்பட்டவரையும் எட்டு நாற்காலி போட்ட வட்டத்தில் உட்கார வைத்துப் பேச வைப்போம். என்ன நடந்தது, யாருக்கு எங்கே வலிக்கிறது, என்ன செய்தால் கொஞ்சமாவது சரியாகும் என்று அவர்களே பேசி முடித்தால் வழக்கும் முடியும். முடியாவிட்டால் திரும்பக் கோர்ட்டுக்கு. பாதிக்கப்பட்டவர் எப்போதும் கதவுக்குப் பக்கத்தில் உட்காருவார், பிடிக்காவிட்டால் எழுந்து போய்விடலாம். தப்பு செய்தவருக்கு ஜன்னலோர நாற்காலி. அந்த வட்டத்தைப் பத்தொன்பது வருடமாக நடத்துகிறவள் நான். கல்லையும் பேச வைத்துவிடுவேன் என்று நீதிமன்ற எழுத்தரே நாலு பேர் முன்னால் சொல்லியிருக்கிறார்.

இனி அவள் கதை. அரசு மருத்துவமனையின் சலவைக் கூடத்தில் இருபத்தேழு வருடம் வேலை பார்த்தாள். ரத்தமும் சீழும் பட்ட படுக்கை விரிப்புகளை ஆவியில் வேகவைத்து, பிழிந்து, உலர்த்தி, மடித்து, வண்டியில் ஏற்றி வார்டு வார்டாகக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். இயந்திரச் சத்தத்தில் பேசினால் காதில் விழாது என்பதால், அங்கே யாரும் அதிகம் பேச மாட்டார்களாம். எனக்கு அந்த வேலை கொடுத்திருந்தால் ஒரே வாரத்தில் பைத்தியம் பிடித்திருக்கும்.

ஒரு முறை எலும்பு முறிவு வார்டில் இடுப்பு உடைந்த வயதான பௌத்த பிக்குணி ஒருவர் இரண்டு மாதம் படுத்திருந்தார். விரிப்பு மாற்றப் போகும் போதெல்லாம் அவர் வலியில் கத்தாமல் கண்ணை மூடிக்கொண்டு ஏதோ எண்ணுவதைப் பார்த்து, "என்னங்கம்மா எண்ணுறீங்க?" என்று இவள் கேட்டிருக்கிறாள். "மூச்சை" என்றாராம். ஒன்றிலிருந்து பத்து வரை, பத்தானதும் திரும்ப ஒன்று. அதுதான் ஆரம்பம். விரிப்பை மடித்துக்கொண்டே எண்ணிப் பழகினாள். பிக்குணி தன் விகாரைக்குத் திரும்பும்போது உள்ளங்கை அகலத்தில் ஒரு வெண்கல மணிக் கிண்ணத்தையும், அதைத் தட்ட ஒரு மரக்கட்டையையும் கொடுத்துவிட்டுப் போனார். மணியம்மா என்ற பட்டப்பெயர் அதனால் வந்தது.

ஆறு வருடத்துக்கு முன்னால், கடைக்குப் போன அவள் கணவரைத் தெரு முனையில் ஒரு வேன் அடித்துப் போட்டது. மூன்றாம் நாள் அவர் போய்விட்டார். வேனை ஓட்டியவர் தண்டனை முடிந்து வந்ததும், அந்த அம்மாவைப் பார்க்க வேண்டும் என்று தானே கேட்டுக்கொண்டு எங்களிடம் வந்தார். அந்த வட்டத்தை நடத்தியது நான். என் வாழ்க்கையிலேயே அவ்வளவு நன்றாகப் பேசியது அன்றைக்குத்தான். இரண்டரை மணி நேரம். கடைசியில் இவள் எழுந்து, அவர் தோளைத் தொட்டு, "போயிட்டு வாப்பா" என்றாள். அறையில் எல்லோரும் அழுதோம். அதன் பிறகு எந்தப் பயிற்சிக்குப் போனாலும் அந்தக் கதையைத்தான் சொல்வேன். எப்போது நிறுத்தினேன், எப்போது குரலைத் தாழ்த்தினேன், எல்லாவற்றையும் நடித்தே காட்டுவேன்.

கணவர் இறந்து நாலு வருடம் கழித்து அவள் ஓய்வு பெற்று, எங்கள் கூடத்துக்கே தொண்டராக வந்து சேர்ந்தாள். எனக்குத் தலைகால் புரியவில்லை. என் கதையின் நாயகியே நேரில் வந்துவிட்டாள். புதியவர்களுக்கான பயிற்சியில் அவளை முன் வரிசையில் உட்கார வைத்து அந்தக் கதையைச் சொன்னேன். முடித்ததும் ஒரு பெண் எழுந்து, "அம்மா, அன்னைக்கு அக்கா பேசினதுல எது உங்க மனசை மாத்துச்சு?" என்று கேட்டாள்.

மணியம்மா நன்றாக யோசித்தாள். "அக்கா என்ன பேசினாங்கன்னு ஞாபகம் இல்லம்மா. நான் மூச்சை எண்ணிக்கிட்டு இருந்தேன்."

"அப்ப, போயிட்டு வாப்பான்னு சொன்னீங்களே?"

"அவர் போகணும்னுதான் சொன்னேன். ரெண்டரை மணி நேரம் ஆச்சு, எனக்கு மூச்சு முட்டிப்போச்சு."

கூடமே சிரித்தது. அவள் சிரிக்கவில்லை, குத்திக் காட்டவும் இல்லை. கேட்டதற்குப் பதில் சொன்னாள், அவ்வளவுதான். நானும் சிரித்து வைத்தேன். வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் படுத்துக்கொண்டேன். "என்ன, காதுல புகை வருது?" என்றார் என் வீட்டுக்காரர். அவர் மின்சார மீட்டர் பார்க்கிறவர். எங்கே சூடேறுகிறது என்று கண்டுபிடிப்பதே அவருக்குத் தொழில்.

பிறகு அவள் மௌனத்தைக் கொண்டுவந்தாள். முதலில் தொண்டர்களுக்கு மட்டும், காலையில் ஐந்து நிமிடம். அப்புறம், பேச்சு தொடங்குவதற்கு முன் வட்டத்தில் எல்லோரும் கண்ணை மூடிச் சும்மா உட்கார்ந்து மூச்சைக் கவனிப்பது என்று ஆனது. அடிதடி வழக்கில் வந்த ஒருவர், "என்ன, மதம் மாத்தப் பாக்குறீங்களா?" என்று எகிறினார். மாட்டிக்கொண்டாள் என்று நான் உள்ளுக்குள் குதித்தேன். அவளோ, "மூச்சு விடறதை ஏற்கெனவே செஞ்சிக்கிட்டுத்தானே இருக்கீங்க? அதைக் கொஞ்சம் பாருங்க, போதும்" என்றாள். அந்த மனிதர் உட்கார்ந்துவிட்டார். நானாக இருந்தால் அவரிடம் அரை மணி நேரம் பேசியிருப்பேன்.

ஆறே மாதத்தில் எழுத்தர் ஒரு கணக்கோடு வந்தார். மௌனத்தில் தொடங்கிய வட்டங்களில் பாதியில் எழுந்து போகிறவர்கள் மிகவும் குறைவாம். "பேசாமயே சாதிக்கிறாங்களே அந்தம்மா!" என்று என்னிடமே வியந்தார். வீட்டில் சொன்னால், "நீயும் ஒரு நாள் பேசாம இருந்து பாரேன், எனக்கும் நிம்மதி" என்று பதில் வந்தது. நாலா பக்கமும் அடி.

வீம்புக்காக நானும் தியானம் கற்றுக்கொள்ளப் பார்த்தேன். யாருக்கும் தெரியாமல் ஞாயிற்றுக்கிழமை விகாரைக்குப் போய் உட்கார்ந்தேன். ஒரே அமர்வில் முந்நூற்றுப் பன்னிரண்டு மூச்சு எண்ணினேன். திங்கட்கிழமை கூடத்துக்கு வந்து, எல்லோரும் இருக்கும்போது, போகிற போக்கில் சொல்வது போல, "நேத்து முந்நூறைத் தாண்டிட்டேன்" என்றேன்.

மணியம்மா ரகசியக் குரலில், "பத்துக்கு மேல எண்ணக் கூடாது அக்கா" என்றாள். "பத்தைத் தாண்டினா, மனசு நழுவி வேற எங்கேயோ போயிடுச்சுன்னு அர்த்தம்." முந்நூற்றிரண்டு தடவை என் மனசு எங்கே போயிருந்தது என்று எனக்குத் தெரியும். அவளிடம்தான்.

இந்த நிலையில்தான் சலூன்காரர் வழக்கு வந்தது. ஒரே கட்டிடத்தில் குடியிருக்கிற இரண்டு பேர். மேல் வீட்டு லாரி ஓட்டுநர் வண்டி நிறுத்தும் தகராறில் கீழ் வீட்டுச் சலூன்காரரை இரும்புக் கம்பியால் அடித்துவிட்டார். வலது கை எலும்பு நொறுங்கிவிட்டது. கட்டுப் பிரித்த பிறகும் விரல்கள் மடங்கவில்லை, கத்தரிக்கோல் பிடிக்க முடியவில்லை. வட்டம் கைகூடாவிட்டால் ஓட்டுநர் ஒரு வருடம் உள்ளே போக வேண்டும் என்று நீதிபதி சொல்லியிருந்தார். ஓட்டுநரின் இரண்டு பெண்களும் பள்ளிக்கூடம் போகிறவர்கள். மனைவி இல்லை.

வட்டத்துக்கு முன்னால் ஒவ்வொரு தரப்பையும் தனித்தனியே பார்த்துப் பேசுவோம். சலூன்காரரிடம் நான் நாலு முறை பேசினேன், அசையவில்லை. மணியம்மா ஒரு முறை போய்க் கால் மணி நேரம் பக்கத்தில் சும்மா உட்கார்ந்துவிட்டு வந்தாள். அவர் சம்மதம் சொல்லி அனுப்பினார். கூடவே ஒரு நிபந்தனை. "முதல்ல பதினஞ்சு நிமிஷம் யாரும் பேசக் கூடாது. அந்தம்மா என் பக்கத்துல உட்காரணும். அந்த இன்னொரு அம்மா பேச வேண்டாம்." இன்னொரு அம்மா நான்தான்.

வழக்கமாக மணியை அவளே அடிப்பாள். அன்று சலூன்காரர் பக்கத்தில் கண்ணை மூடி உட்கார வேண்டியிருந்ததால், கிண்ணத்தை என் மடியில் வைத்தாள். "அக்கா, நீங்க மணி பார்த்து மணி அடிச்சிடுங்க" என்றாள். சுவர்க் கடிகாரத்தில் சரியாகப் பத்து. எல்லோரும் கண்ணை மூடினார்கள். கண்ணைத் திறந்திருந்தது நான் ஒருத்திதான்.

ஐந்தாவது நிமிடத்தில் ஓட்டுநரின் மூடிய கண்களிலிருந்து நீர் வழிந்தது. ஏழாவது நிமிடத்தில் சலூன்காரர் கண்ணைத் திறந்தார். எதிரே அழுகிற முகத்தையே பார்த்தார். பிறகு உடம்பை முன்னால் சாய்த்து, அந்த மடங்காத கையை மெல்ல அவர் பக்கம் நீட்டினார். பத்தொன்பது வருடத்தில் அப்படியொன்று என் வட்டத்தில் நடந்ததில்லை. நான் ஒரு வார்த்தை பேசாமல், என் தயவே இல்லாமல் நடந்துகொண்டிருந்தது. என் உடம்பெல்லாம் எரிந்தது. கை தானாக மணியை அடித்துவிட்டது என்று எழுதலாம். அது பொய். கடிகாரத்தைப் பார்த்தேன், பத்து ஏழு என்று படித்தேன், கட்டையை எடுத்தேன், அடித்தேன்.

ஓட்டுநர் திடுக்கிட்டுக் கண்ணைத் திறந்தார். முகத்துக்கு நேரே ஒரு கை வருவதைப் பார்த்து, அடிக்க வருகிறது என்று நினைத்து, சட்டென்று தன் கையை ஓங்கித் தடுத்தார். ஓங்கிய அந்தக் கையை சலூன்காரர் பார்த்தார். "இவன் மாறவே இல்ல" என்றார். கதவு பக்கத்தில்தான் இருந்தது, எழுந்து போய்விட்டார்.

அதோடு விட்டேனா? 'இவ்வகை வழக்குகளுக்கு மௌன முறை பொருந்தவில்லை' என்று அறிக்கை எழுதி நீதிமன்றத்துக்கு அனுப்பினேன். மறு வாரமே மௌனத்தை நிறுத்தி வைக்கச் சொல்லி உத்தரவு வந்தது. மணியம்மா அதைப் படித்தாள், கிண்ணத்தைத் துணியில் சுற்றிப் பைக்குள் வைத்தாள், நாற்காலிகளைத் துடைக்கப் போனாள். என் இடம் எனக்குத் திரும்பக் கிடைத்தது. ஆனால் அவள் ஒரு சண்டை போட்டிருக்கலாம், ஒரு நாளாவது முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கலாம். ஜெயித்த பிறகும் எரிச்சல் அடங்காமல் இருந்தது எனக்கே அதிசயமாக இருந்தது.

மூன்றாவது வாரம், கோர்ட்டுக்கு இரண்டு நாள் இருக்கும்போது, ஓட்டுநர் மாடியேறி வந்தார். பிள்ளைகளைத் தங்கை வீட்டில் விடப் போவதாகச் சொன்னார். "உங்க மேல ஒரு தப்பும் இல்ல அக்கா. நீங்க எல்லாரும் அவ்வளவு பாடுபட்டீங்க. நான்தான் கையை ஓங்கிட்டேன். என் புத்தி அப்படி" என்றார்.

பொறாமை என்று நான் இத்தனை நாளும் செல்லமாக வளர்த்தது, இந்த மனிதரை ஒரு வருடம் உள்ளே தள்ளப் போகிறது. அதற்கும் அவர் தன்னையே திட்டிக்கொண்டு நிற்கிறார். "நாளைக்குக் காலையில வாங்க" என்று மட்டும் சொன்னேன். பிறகு நேராகச் சலூனுக்குப் போய், "பேச வரல, ஒரு குத்தத்தை ஒத்துக்க வந்திருக்கேன். நாளைக்கு ஒரே ஒரு தடவை வாங்க" என்று கேட்டேன். என்ன நினைத்தாரோ, தலையாட்டினார்.

மறுநாள் நாலு நாற்காலி போட்டேன். ஜன்னலோர நாற்காலியில் நான் உட்கார்ந்தேன். அங்கே உட்கார்ந்தால் கண்ணில் வெயில் அடிக்கும் என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். எத்தனையோ பேரை அங்கே உட்கார வைத்து, "முகத்தைப் பார்த்துப் பேசுங்க" என்று அதட்டியிருக்கிறேன்.

"அன்னைக்குப் பதினஞ்சு நிமிஷம் ஆகல. ஏழாவது நிமிஷத்துல மணியை அடிச்சேன். தெரிஞ்சேதான் அடிச்சேன்" என்றேன்.

"ஏன்?" என்றார் சலூன்காரர்.

ஒரு காரணம் கேட்டால் ஒன்பது சொல்கிறவள் நான். அன்று ஒன்றுதான் இருந்தது. "மணியம்மா மேல பொறாமை."

ஓட்டுநர் என்னையே பார்த்தார். மணியம்மா தரையைப் பார்த்தாள். சலூன்காரர் கெட்ட வார்த்தை ஏதாவது சொல்வார் என்று காத்திருந்தேன், சொல்லியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். அவர் இடது கை விரல் விட்டு எதையோ கணக்குப் போட்டார்.

"அப்ப எட்டு நிமிஷம் பாக்கி இருக்கு."

"ஆமாங்க."

"அதைக் குடுங்க."

மணியம்மா பையிலிருந்து கிண்ணத்தை எடுத்துத் தன் மடியிலேயே வைத்துக்கொண்டாள். நாலு பேரும் கண்ணை மூடினோம். ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணினேன். கீழே டயர்க் கடையில் காற்றடிக்கும் சத்தம் கேட்டது. அந்த எட்டு நிமிடமும் எனக்கு மனசு அமைதியாக இருக்கவில்லை, வெட்கமாக இருந்தது. எழுந்து ஓடவும் முடியாது, என் நாற்காலி கதவுக்குப் பக்கத்தில் இல்லை.

மணி அடித்ததும் சலூன்காரர், "நான் கையை நீட்டப் போறேன், பயப்படாத" என்று ஓட்டுநரிடம் முன்கூட்டியே சொன்னார். தன் வலது கையை ஓட்டுநரின் மடியில் வைத்தார். "மடக்கிப் பாரு. எவ்வளவு தூரம் போகுதுன்னு பாரு." ஓட்டுநர் ஒவ்வொரு விரலாக, உடைந்துவிடுமோ என்ற பயத்தோடு, மடக்கிப் பார்த்தார். பாதிக்கு மேல் ஒன்றும் போகவில்லை. அந்தக் கையைப் பிடித்தபடியே குனிந்து அழுதார்.

அவர்கள் முடிவு செய்துகொண்டது இதுதான். தினமும் காலையில் லாரியை எடுப்பதற்கு முன் ஓட்டுநர் சலூன் ஷட்டரைத் தூக்கிவிட வேண்டும், ஒற்றைக் கையால் அவரால் அது முடியாது. வாரம் மூன்று நாள் கைப்பயிற்சிக்கு மருத்துவமனை கூட்டிப்போக வேண்டும். நீதிபதி ஏற்றுக்கொண்டார். நான் என் அறிக்கையைத் திரும்பப் பெற்று, நடந்ததையும் எழுதிக் கொடுத்தேன். ஆறு மாதம் வட்டம் நடத்தக் கூடாது என்று எனக்குக் கடிதம் வந்தது. அதுவும் நியாயம்தான்.

அன்று அவர்கள் இருவரும் இறங்கிப் போன பிறகு மணியம்மாவும் நானும் மட்டும் இருந்தோம்.

"உங்களுக்கு அன்னைக்கே தெரியும்ல?"

"நாலு பத்து முடிஞ்சு ரெண்டாவது மூச்சுல அடிச்ச. தெரியாம என்ன?" முதல் தடவையாக அவள் என்னை 'நீ' என்றாள்.

"ஏன் சொல்லல?"

"வாயைத் திறந்தா என்ன வந்திருக்கும்னு எனக்கே தெரியல. அதான் மூடிக்கிட்டேன்."

"என்னை மன்னிச்சிடுங்கம்மா." நேரடியாக மன்னிப்புக் கேட்டு எதிராளியை நெருக்கக் கூடாது என்று பத்தொன்பது வருடமாக ஊருக்கெல்லாம் பாடம் எடுத்தவள், கேட்டேவிட்டேன்.

அவள் நாற்காலியில் உட்கார்ந்தாள். "தினம் காலையில நாலு பேரை நினைச்சு நல்லா இருக்கட்டும்னு சொல்லுவேன். அந்தப் பிக்குணியம்மா சொல்லிக்குடுத்தது. முதல்ல எனக்கு. அப்புறம் பிடிச்சவங்க ஒருத்தருக்கு. அப்புறம் முகம் மட்டும் தெரிஞ்ச யாரோ ஒருத்தருக்கு. நாலாவதா, நினைச்சாலே பத்திக்கிட்டு வருமே, அந்த ஆளுக்கு. அந்த இடத்துல வேன்காரர் நாலு வருஷம் இருந்தாரு. ஒரு நாள் காலையில நெஞ்சு அடைக்காம சொல்ல முடிஞ்சுது. அதுக்கப்புறம்தான் இங்க வந்தேன். இப்ப மூணு வாரமா அந்த இடத்துல நீ இருக்க."

"சொல்ல முடியுதா?"

"இல்ல. உன் முகம் வந்ததும் நின்னுடுது. முடிஞ்சுதுன்னு பொய் சொல்ல மாட்டேன். முடியறப்போ நானே சொல்றேன். அந்த நாற்காலியை எடுத்து அடுக்கு."

ஐந்து மாதம் ஆகிறது. வட்டங்களை இப்போது அவள்தான் நடத்துகிறாள், நான் நாற்காலி போடுகிறேன். என்னிடம் நன்றாகத்தான் பேசுகிறாள், தன் சாப்பாட்டில் பாதியை எனக்கு வைக்கிறாள். அந்த ஒன்றை மட்டும் இன்னும் சொல்லவில்லை. போன வாரம் அவளுக்கு முழங்கால் வலி என்று கேள்விப்பட்டு வேன்காரர் அவளை வீட்டுக்கு அழைத்துப் போக வந்திருந்தார். அவர் கையைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு படியாக, ஏதோ சொல்லிச் சிரித்தபடி இறங்கினாள். அவள் கணவரை வண்டி ஏற்றிக் கொன்றவர் அவர். மேலே நின்று அவரைப் பார்த்தபோது என் வயிறு எரிந்த மாதிரி, அவளைப் பார்த்துக்கூட இத்தனை நாளில் எரிந்ததில்லை.